முடிவுக் குறிக்கு அப்பால்

யாரும் அதைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்துக்கொண்டு, எதிரே இருந்த டேப் டிரைவையே முறைத்துக்கொண்டிருந்தேன். டேப்பைக் கொஞ்ச தூரம் முன்னால் ஓட்டி நிறுத்தியிருந்தேன். சிறிது நேரம் சமர்த்தாக நின்றது. பிறகு விர்ரென்று ஒரு சத்தம். தானாகவே பின்னோக்கி ஓடி, ஆரம்பத்தில் போய் நின்றுகொண்டது. முகப்பிலிருந்த பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. எல்லாம் நலமாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

தூக்கி ஜன்னல் வழியாக எறிந்துவிடலாமா என்று இருந்தது. எறிய முடியாது. அந்த டிரைவுக்குள் இருந்தது ஒன்பது பேர் செத்துப்போன வழக்கு.

நினைவுச் சாட்சியச் சட்டம் வந்த பிறகு பிறந்தவர்களுக்குப் பிறழ் சாட்சி என்ற வார்த்தையே தெரியாது. அதற்கு முன்பு சாட்சிகள் கூண்டில் ஏறிப் பேச்சை மாற்றுவார்கள். மிரட்டலுக்குப் பயந்து மாற்றுவார்கள், பணத்துக்கு மாற்றுவார்கள், பத்து வருடம் இழுத்தடித்ததில் சலித்துப்போய் மாற்றுவார்கள். இப்போது அந்த வம்பே இல்லை. சாட்சியை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, தலையில் தொப்பி போன்ற ஒன்றை மாட்டி, பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே எடுத்துவிடுகிறோம். நீதிபதி பிறகு அதே தொப்பியை மாட்டிக்கொண்டு பார்ப்பார். ஒரே ஒரு சிக்கல்தான். நினைவை நகலெடுக்க முடியாது. எடுத்தால் எடுத்ததுதான். மூளையில் அந்த இடம் வெறுமையாகிவிடும். சாட்சி பிறழ்வதற்கு அவரிடம் ஒன்றுமே இருக்காது.

எடுத்ததை டேப்பில் எழுதுகிறோம். என் தாத்தா காலத்துச் சாமான் என்று யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வரும். இணைய வலையில் கோத்து வைத்ததையெல்லாம் யாராவது ஒருநாள் உள்ளே புகுந்து மாற்றிவிடுகிறார்கள். டேப் அப்படியல்ல. நினைவும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுகிற சரக்குதான், அதற்கு டேப் பொருந்திப் போகும். ஒரு வழக்குக்கு ஒரே டேப். முதல் சாட்சி உட்காருவதற்கு முன்பு டேப்பை டிரைவுக்குள் போட்டு, வாயை மூடி, அரக்கு உருக்கி ஊற்றி, நீதிமன்ற முத்திரை குத்திவிடுவார்கள். கடைசி சாட்சி முடிந்த பிறகுதான் அரக்கை உடைக்கலாம்.

நான் நாகர்கோவிலிலிருந்து ஈரோட்டுப் பதிவகத்துக்கு மாற்றலாகி வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வந்த அன்றே இந்த விர்ரென்ற சத்தம் காதில் விழுந்தது. புகார் கொடுத்தேன். பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்த கம்பெனியில் கிரிதரன் என்று ஒரு பையன் போனை எடுப்பான். அவனிடம் என் பேச்சு ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிதான் போகும்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா மேடம்?"

"பாத்தாச்சு."

"கேபிள் மாத்திப் பாத்தீங்களா?"

"கேபிளும் மாத்தியாச்சு, கார்டும் மாத்தியாச்சு."

"பச்சை லைட் எரியுதுங்களா?"

"எரியுது."

"அப்ப ஒண்ணும் இல்லீங்க மேடம். டேப்புன்னா கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும். டிக்கெட்ட க்ளோஸ் பண்ணிக்கட்டுங்களா?"

என்னைக் கேட்காமலே அவன் புகாரை மூடிவிடுவான். நான் மறுபடி திறப்பேன். அரசாங்கச் சம்பளத்தில் பாதி இப்படித்தான் கழிகிறது.

அன்று காலையில்தான் இது வெறும் சத்தமில்லை என்று தெரிந்தது. அந்த ஒன்பது பேர் செத்த குளிர்பதனக் கிடங்கு வழக்கில் அன்று கடைசித் தேதி. கடைசி சாட்சியாகப் பூங்கோதை என்ற பெண் வெளியே காத்திருந்தார். அவரை உள்ளே அழைப்பதற்கு முன்பு, இதுவரை எழுதியதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாமே என்று, டேப்பில் எத்தனை பதிவு இருக்கிறது என்று கணினியைக் கேட்டேன். நான் வருவதற்கு முன்பே நான்கு பேர் சாட்சி சொல்லியிருந்தார்கள். கணினி ஒன்று என்றது.

மறுபடி கேட்டேன். ஒன்று.

எழுதும் மென்பொருளைப் பிரித்து மேய்ந்தேன். அதில் தப்பில்லை. எங்கள் கணினியில் ஓடுவது யூனிக்ஸ் குடும்பத்து அமைப்பு. அதில் இந்த டிரைவுக்கு இரண்டு பெயர் உண்டு. எஸ்டி-ஜீரோ என்று கூப்பிட்டால், வேலை முடிந்து கையை எடுத்ததும் டேப்பை ஆரம்பத்துக்குச் சுற்றிவிடும். என்எஸ்டி-ஜீரோ என்று கூப்பிட்டால் விட்ட இடத்திலேயே நிற்கும். டிரைவ் ஒன்றுதான், கூப்பிடுகிற விதத்தைப் பொறுத்து நடந்துகொள்ளும். எங்கள் மென்பொருள் இரண்டாவது பெயரைத்தான் சொல்லிக் கூப்பிட்டது. எழுதி முடித்த இடத்தில் டேப்பை நிறுத்திவிட்டு, அடுத்த சாட்சி வரும்போது அங்கிருந்தே தொடர்ந்தது. அதாவது, அங்கேயேதான் நிற்கிறது என்று நம்பித் தொடர்ந்தது.

அப்படியானால் வேறு யாரோ நடுவில் வந்து முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். டிரைவை யார் திறந்தாலும் பெயரைக் காட்டும்படி ஒரு கண்காணிப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கையை மேசை மேல் வைத்துக்கொண்டு நான் முறைத்தது அப்போதுதான். விர்ரென்ற சத்தம் வந்ததும் திரையில் ஒரு பெயர் வந்தது. 'நலம்'.

கிரிதரனைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதுமே "டிக்கெட் நம்பர்..." என்று ஆரம்பித்தான்.

"நலம்னு ஒரு ப்ரோக்ராம் ஓடுதே, அது என்ன?"

"அதுங்களா மேடம், அது நாங்க போட்டதுதான். தலைமை அலுவலகத்துல பெரிய ஸ்கிரீன் ஒண்ணு வச்சிருக்காங்கல்ல, எல்லா ஊர் டிரைவும் பச்சையா எரியணும்னு. இன்ஸ்பெக்ஷன் வந்தப்ப அவசரமாக் கேட்டாங்க. அது பத்து நிமிசத்துக்கு ஒருக்கா டிரைவ்கிட்ட நல்லாருக்கியான்னு கேக்கும். வேற ஒண்ணுமே பண்ணாதுங்க."

"எந்தப் பேரச் சொல்லிக் கேக்குது?"

"எஸ்டி-ஜீரோங்க."

சொல்லும்போதே அவனுக்கும் புரிந்துவிட்டது. "ஐயோ மேடம்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னான். எனக்கு அவனைத் திட்டக்கூட வாய் வரவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது டிரைவ் வேறு யாருக்கும் காது கொடுக்காது. ஒவ்வொரு சாட்சியும் எழுந்து போன பிறகு இந்த நலம் வந்து நல்லாருக்கியா என்று விசாரித்திருக்கிறது. நல்லாருக்கேன் என்று சொல்லிவிட்டு டேப் ஆரம்பத்துக்கு ஓடியிருக்கிறது. அடுத்த சாட்சி முந்தைய சாட்சியின் மேலேயே எழுதப்பட்டிருக்கிறார். ஒருவர் மேல் ஒருவராக நான்கு பேர். பச்சை விளக்கு ஒருநாளும் அணையவில்லை.

பதிவாளர் குமரகுருபரனின் அறைக்குப் போனேன். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி, அதுவரை எதுவும் நடந்துவிடக் கூடாது என்று இருப்பவர். கெட்டவர் இல்லை. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே டீயை ஆற்றினார்.

"சரி, கண்டுபுடிச்சுட்டீங்கல்ல ரெஜினா. அந்த நலத்த நிறுத்திப்போட்டு அடுத்த சாட்சிய உக்கார வைங்க. அஞ்சு மணிக்கு மேல ஒரு நிமிசம் தாண்டக் கூடாது."

"நிறுத்திட்டேன் சார். ஆனா எழுதக் கூடாது."

"ஏனுங்க?"

"முதல் சாட்சி மருதாசலம். அவர் கொடுத்தது ரொம்ப நீளம், எழுதறதுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகியிருக்கு. அவருக்குப் பின்னால வந்த மூணு பேரும் சின்னச் சின்னதா கொடுத்திருக்காங்க. அதனால அவரோடதுல முன்பாதிதான் அழிஞ்சிருக்கு. பின்பாதி இன்னும் டேப்புல இருக்கு."

"ஒரு பதிவுதான் இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"கடைசியா எழுதினவர் முடிச்ச இடத்துல டிரைவ் ஒரு முடிவுக் குறி போடும் சார். அதுக்கு அப்பால ஒண்ணுமே இல்லைன்னு அது நெனச்சுக்கும். நான் கெஞ்சினாலும் அந்தப் பக்கம் போகாது. ஆனா அந்தப் பக்கம் எழுதியிருக்கறது அழியல. அதைப் படிக்கிற ஆய்வகம் இருக்கு, டேப்ப அனுப்பினா எடுத்துக் குடுப்பாங்க. பூங்கோதை எழுதிக் குடுத்திருக்கறதும் நீளம். இப்ப அவங்கள உக்கார வச்சா, எங்க ஆரம்பிச்சு எழுதினாலும் அது போயிடும்."

அவர் டீயைக் கீழே வைத்தார். இப்போது புரிந்துவிட்டது.

"நடுவுல ரெண்டு பேரு? அந்தத் தீயணைப்புக்காரரு? அந்த நர்சம்மா?"

"போச்சு சார்."

"அவங்க தலைக்குள்ளயும் இருக்காதுல்ல?"

"இருக்காது."

அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அந்தத் தீயணைப்பு வீரர் புகைக்குள்ளிருந்து யார் யாரைத் தூக்கி வந்தார், யார் அவர் கையில் கிடந்து கடைசியாக என்ன சொன்னார் என்பது இனிமேல் உலகத்தில் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. நாங்கள் அதை வாங்கித் தொலைத்துவிட்டோம். எனக்கு அழுகை வரும்போலிருந்தது, ஆத்திரத்தில்தான்.

"வேற டேப் போடலாமே சார்" என்றேன்.

"ரெண்டாவது டேப்புக்கு ஹைகோர்ட் உத்தரவு வேணும். அது வர்றதுக்குள்ள தேதி போயிரும். இன்னிக்கே மூடி ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அதுக்குத் தடையில்ல. ஆனா கடைசி சாட்சி ஒண்ணு குடுத்திருக்கோணும், இல்லீன்னா எனக்கு வேண்டாமுன்னு அவங்களா கையெழுத்துப் போட்டிருக்கோணும். கையெழுத்துப் போட்டாங்கன்னா அப்புறம் எந்தக் காலத்துலயும் அந்த நினைவ எடுக்க முடியாது. சாட்சிக்கு மட்டும்தான எடுக்கறோம். வைத்தியத்துக்குன்னு எடுக்கறதுக்குச் சட்டமில்ல." கொஞ்சம் யோசித்து, "நீங்களே போய்ப் பேசுங்க. நான் வந்தா மிரட்டறாப்புல இருக்கும்" என்றார்.

வெளியே நீளமான பெஞ்சில் பூங்கோதை உட்கார்ந்திருந்தார். நாற்பதுக்குள்தான் வயது இருக்கும். பக்கத்தில் மருதாசலம். அவர்தான் அந்த முதல் சாட்சி. கிடங்கில் மூட்டை இறக்குகிறவர். பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் பூங்கோதையைத் தன் ஸ்கூட்டரில் கூட்டி வந்திருந்தார். நல்ல கலகலப்பான மனிதர். எண்ணெய்க் காகிதத்தில் போண்டாவை வைத்துக்கொண்டு பூங்கோதைக்கு நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுத்துக்கும் பயப்படாத அம்மிணி. நான் உக்காந்து எந்திரிச்சவந்தான? கண்ண மூடித் தொறக்கறாப்புல இருக்கும். எங்கூட்டுக்காரி சொல்லுவா, அதுக்கு முன்னால நான் தூக்கத்துல கத்துவனாமா. என்னத்துக்குக் கத்துனேன்னு எனக்கு இப்ப ஒண்ணுமே தெரியாது. சொன்னா நம்ப மாட்ட, போட்டோ பாத்தாக்கூட யாரோ ஊர்ல நடந்ததாட்டத்தான் இருக்குது."

பூங்கோதை தலையை மட்டும் ஆட்டினார். அவரைத் தனியாக என் அறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், உங்கள் வழக்கைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டுவைத்தேன்.

"எங்கூட்டுக்காரரு மயில்சாமி அங்க வாட்ச்மேனுங்க. அமோனியா பைப்பு வெடிச்சப்ப இவரு உள்ள ஓடியிருக்காரு, ஆளுகளக் கூட்டியாரதுக்கு. முன்கதவு பக்கந்தான் வெடிச்சதுங்க. எல்லாரும் பின்கதவுக்கு ஓடியாந்திருக்காங்க. அது வெளியில பூட்டியிருந்துச்சு. கம்பெனிக்காரங்க இப்ப என்ன சொல்றாங்கன்னா, வாட்ச்மேன்தான் பூட்டினான், எட்டுப் பேரு செத்ததுக்கு அவன்தான் காரணங்கறாங்க. ஊர்லயே நாலு பேரு அப்படித்தான் பேசறாங்க. செத்தவங்க வீட்டு ஆளுக எங்கூட்டுப் பக்கமே வர்றதில்லீங்க."

"பூட்டினது யாரு?"

"மேனேஜருங்க. சரக்கு திருடு போகுதுன்னு மத்தியானம் அவரே பூட்டிச் சாவியப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு. இவரு வேண்டாமுன்னு மல்லுக்கு நின்னிருக்காரு. மருதாசலண்ணன் பக்கத்துல நின்னு பாத்தவரு. அன்னிக்கு ராத்திரியே எங்கிட்ட வந்து சொல்லி அழுதாரு. இப்ப அவருக்கு ஞாபகம் இல்ல, நான்தான் ஞாபகம் வச்சிருக்கேன். ஆனா நான் சொன்னாச் செல்லாதாமுல்ல. அவரு குடுத்தது டேப்புல இருக்குதே, அது போதுமுன்னு வக்கீல் சொன்னாரு."

மேனேஜர் பூட்டியதுதான் முக்கியமான இடம். அது மருதாசலம் கொடுத்ததில் எங்கே இருக்கும் என்று கேட்டேன்.

"எதுக்குங்க?"

"சொல்லுங்க."

"காலைல வேலைக்கு வந்ததுலருந்து எடுத்தாங்களாமா. பூட்டினது மத்தியானந்தானுங்க. கடைசிலதான் இருக்கும்."

முழுவதையும் சொன்னேன். மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? டேப் திரும்பித் திரும்பி ஓடியதை, ஒருவர் மேல் ஒருவர் எழுதப்பட்டதை, முடிவுக் குறிக்கு அப்பால் மருதாசலத்தின் கடைசிப் பகுதி தப்பிக் கிடப்பதை. அவர் இப்போது உட்கார்ந்து கொடுத்தால் அது அழிந்துவிடும் என்பதையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நான் கொஞ்சமாக் குடுத்தா?"

"பாதி மட்டும் எடுக்க முடியாதும்மா. ஒரே முடிச்சா, முழுசாத்தான் வரும். நீங்க அந்த மத்தியானம் பூராவும்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

"ஆமாங்க. பூராத்தையும் எடுத்துப்போட்டாத் தேவலைன்னு எழுதினேன்." விரல்களைக் கோத்துக்கொண்டார். "அன்னிக்குச் சோறு கொண்டுட்டுப் போனனுங்க. நான் போறப்ப அந்தக் கதவுக்கு அந்தப் பக்கத்துலருந்து தட்டிட்டிருந்தாங்க. முதல்ல நெறையக் கை. அப்புறம் ஒரு கைதான். அது இவரு. அது நிக்கவே மாட்டேங்குதுங்க. யாராவது எங்கூட்டுக் கதவத் தட்டினா நான் தொறக்கறதில்ல. எம் பையன் ஸ்கூல் உட்டு வந்தான்னா தட்ட மாட்டான். வாசல்ல நின்னு அம்மான்னு கூப்புடுவான், அவனே பழகிக்கிட்டான். இன்னிக்கோட தீந்துரும்னு நாளு எண்ணிட்டிருந்தனுங்க."

"வேண்டாம்னு நான் சொல்லச் சொல்லல. அது உங்க இஷ்டம். நீங்க குடுக்கறதா இருந்தா நான் இப்பவே எழுதறேன்."

"எழுதினா இவரு கொலகாரருன்னு ஆயிருமுல்லங்க."

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரையைப் பார்த்தேன். எனக்கு எல்லார் மேலும் எரிச்சலாக வந்தது. பச்சை விளக்கு கேட்ட தலைமை அலுவலகத்தின் மேல், கேட்டதும் யோசிக்காமல் எழுதிக் கொடுத்த கிரிதரன் மேல், ஒரே டேப் என்று சட்டம் போட்டவர்கள் மேல். அந்த எரிச்சலில்தான் அது தோன்றியது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"இன்னொரு வழி இருக்கு. சட்டத்துக்கு விரோதம், தெரிஞ்சா என் வேலை போயிடும். பரவாயில்ல. எங்க கணினியில நல்-னு ஒரு சாதனம் உண்டு. உண்மையில அப்படி ஒரு பெட்டி கிடையாது, பேருக்குத்தான். எதைக் கொண்டுபோய்க் கொட்டினாலும் வாங்கிக்கும், எங்கயும் வைக்காது. டேப்புக்குப் பதிலா அதுல எழுதச் சொன்னாப் போதும். உங்க தலையிலிருந்து போயிடும். டேப்பும் அப்படியே இருக்கும். வேண்டாம்னு கையெழுத்துப் போட்ட மாதிரி வச்சுக்கலாம்."

அவர் முதன்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அது எங்க போவும்?"

"எங்கயும் போகாது. இல்லாமப் போயிடும்."

"அப்ப யாரும் பாக்க மாட்டாங்களா?"

"யாரும் பாக்க மாட்டாங்க. பயப்படாதீங்க."

"ஜட்ஜும் பாக்க மாட்டாரா?"

"மாட்டார்."

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தொப்பியை எடுக்க எழுந்தும்விட்டேன். அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாமுங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் வேலையை ஒருவர் முன்னால் எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டாம் என்கிறாரே என்று இருந்தது. "ஏம்மா? இதுக்குத்தானே வந்தீங்க? இதைவிட நல்ல வழி கிடைக்காது. அஞ்சு மணிக்குள்ள முடிவு பண்ணியாகணும்" என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

"எடுத்துப்போடறதுக்கு மட்டும் வரலீங்க மேடம். ஜட்ஜய்யா பாக்கோணுமின்னுதான் வந்தேன். பாத்துப்போட்டு, நீ செஞ்சது சரி, இல்ல தப்புன்னு அவரு என்னமோ ஒண்ணு நெனப்பாருல்ல? எனக்கு ஞாபகம் இருக்காது, ஆனா ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கும். அது போதுமின்னு இருந்தேன். ஒருத்தருக்குமே தெரியாம, நானும் மறந்துபோட்டு, நல்லவளாட்ட நடமாடறதுக்கு மனசு வரலீங்க."

"நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் உறைத்தது. இந்தப் பதிவகத்தில் சாட்சியிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. வாயால் சொல்ல வைத்துக் கேட்கிற வழக்கமே போய்விட்டது. நாங்கள் தொப்பியை மாட்டுவோம், விளக்கைப் பார்ப்போம், அவ்வளவுதான்.

அவர் கதவைப் பார்த்தார். சாத்தித்தான் இருந்தது.

"கல்லெடுத்துப் பூட்ட இடிச்சனுங்க. கையில ரத்தம் வந்துச்சு, பூட்டு அசையல. எரிச்சல் கண்ணுல ஏறுது, மூச்சு உடவே முடியல. கதவுக்குக் கீழ சந்துலருந்து அந்தக் கேஸு எம்பக்கமும் வந்துட்டிருந்துச்சு. இவரு உள்ளருந்து போ, போங்கறாரு. நீ போயிரு புள்ளன்னாரு. நான் போ மாட்டேன்னு சொன்னேன். சொல்லிட்டுத்தான் இருந்தேன். அப்புறம் இவருக்குப் பேச்சு வரல. இருமலும் வரல. தட்டறது மட்டும் இருந்துச்சு."

நிறுத்தினார். நான் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"எல்லாருகிட்டயும் என்ன சொல்லியிருக்கேன்னா, சத்தம் நின்னதுக்கு அப்புறந்தான் வந்தேன்னு சொல்லியிருக்கேன். எம் பையன்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். அப்படியில்லீங்க. நான் திரும்பி ஓடறப்ப அவரு தட்டிட்டுத்தான் இருந்தாரு. மதில் தாண்டி, ரோட்டுக்கு வந்ததுக்கு அப்புறமும் கேட்டுச்சு. நான் போயிட்டன்னு அவருக்குத் தெரியுமோ என்னமோ. நான் அங்கயே நிக்கறன்னு நெனச்சுத் தட்டினாரோ என்னமோ."

அவர் போகச் சொன்னார், நீங்கள் போனீர்கள், நின்றிருந்தால் உங்கள் பையனுக்கு யாரும் இருந்திருக்க மாட்டார்கள் என்றெல்லாம் வாய்வரை வந்தது. அதையெல்லாம் அவரே ஆயிரம் முறை தனக்குச் சொல்லிப் பார்த்திருப்பார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கையில் குறுக்காக ஒரு தழும்பு தட்டுப்பட்டது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவர் சொல்லி முடித்த பிறகும் அது அவரிடமிருந்து போகவில்லை, என்னிடமும் வந்துவிட்டது.

பிறகு அவரே, "எங்கங்க கையெழுத்து?" என்றார்.

காகிதத்தை நீட்டினேன். சாட்சியம் அளிக்க விருப்பமில்லை என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே நிதானமாகத் தன் பெயரை எழுதினார். மயில்சாமி பூங்கோதை. பதிவாளர் வந்து அரக்கை உடைத்து, டேப்பை வெளியே எடுத்து, ஆய்வகத்துக்கான பெட்டியில் வைத்தார். அதில் என்ன கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

பூங்கோதையை வாசல்வரை கொண்டு விடப் போனேன். மருதாசலம் ஸ்கூட்டரைத் துடைத்து நிழலில் தயாராக நிறுத்தியிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார்.

"ஆச்சா அம்மிணி? எடுத்துட்டாங்களா?"

பூங்கோதை ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆச்சுங்கண்ணா."

"நான் சொன்னன்ல? ஒண்ணுமே இல்ல. இன்னிக்கு ராத்திரி பாரு, குழந்தையாட்டத் தூங்குவ."

"ஆமாங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, அவர் பின்னால் ஏறி உட்கார்ந்து, சேலையை ஒதுக்கிச் சக்கரத்தில் மாட்டாமல் மடியில் வைத்துக்கொண்டார்.